துரத்தப்பட்டவனுக்கு எந்தச் சட்டம்?

வாலாஜாபாத் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் சகோதரரே! உங்கள் வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது? பீரோவில் என்பீர்கள். மூலப்பத்திரம் அத்தாவின் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். பட்டா இன்னும் பாட்டனார் பெயரில்தான். "மாற்றிக் கொள்ளலாம் ஹஜ்ரத், வீடு எங்கே ஓடிவிடப் போகிறது?" வீடு ஓடாது. நாம் ஓட வேண்டி வந்தால்?

யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் கடை வைத்திருந்தவர்களும் அப்படித்தான் நிம்மதியாக இருந்தார்கள். 1990 அக்டோபர் 30 அன்று விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கி கட்டி அறிவித்தார்கள். இரண்டே மணி நேரத்தில் முஸ்லிம்கள் ஊரைக் காலி செய்ய வேண்டுமாம்! வழியில் நகையும் பணமும் பறிக்கப்பட்டன. பலருடைய பத்திரங்கள் வீட்டோடு போயின. அந்த மாதத்தில் மட்டும் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்டோர் விரட்டப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் விழுந்தார்கள். விரட்டியவன் பேசியதும் தமிழ், விரட்டப்பட்டவன் பேசியதும் தமிழ்! (இதற்காகத் தமிழ் மக்கள் அனைவரையும் பழிக்காதீர்கள். 1983இல் கொழும்பிலிருந்து துரத்தப்பட்டவர்கள் அவர்கள். 2009இல் மெனிக் பாம் முகாமில் முள்கம்பிக்குள் அடைக்கப்பட்டவர்களும் அவர்களே.)

புத்தளத்தில் அவர்களை 'அகதி' என்றார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை நாட்டு எல்லையைத் தாண்டியவனுக்குத்தான் பொருந்தும். சொந்த நாட்டுக்குள் ஓடியவனுக்கு 1998இல்தான் ஐ.நா. வழிகாட்டு நெறிகளை வகுத்தது. விட்டு வந்த சொத்தை அரசு பாதுகாக்க வேண்டும், மீட்டுத் தர உதவ வேண்டும், முடியாவிட்டால் ஈடு வாங்கித்தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஆனால் அது நெறிதானே தவிர, எந்த அரசையும் கட்டுப்படுத்தும் சட்டமல்ல. ஆப்பிரிக்க நாடுகள் 2009இல் கம்பாலாவில் கூடி, கட்டுப்படுத்தும் உடன்படிக்கையே செய்துகொண்டன. 2012இல் அது நடைமுறைக்கும் வந்தது. நம் நாட்டில்? அப்படி ஒரு பொதுச்சட்டம் இல்லை!

இதில் நாம் கவனிக்காத ஒரு கத்தி இருக்கிறது. அதன் பெயர் காலவரையறை. உங்கள் இடத்தை இன்னொருவர் தன்னுடையதாகவே பாவித்து 12 ஆண்டுகள் அனுபவித்து, நீங்களும் வழக்குப் போடாமல் இருந்துவிட்டால், 1963ஆம் ஆண்டுச் சட்டப்படி உங்கள் உரிமையே அழிந்து போகும். இலங்கையில் இது 10 ஆண்டு. உயிருக்கு அஞ்சி ஓடியவன் ஊருக்குள் நுழைந்து எப்படி வழக்குப் போடுவான்? சட்டத்தின் கடிகாரம் அதைக் கேட்பதில்லை. போர் முடிந்து வட மாகாண முஸ்லிம்கள் திரும்பிப் பார்த்தபோது 19 ஆண்டுகள் ஓடிவிட்டிருந்தன. 2016இல்தான் இலங்கை நாடாளுமன்றம், 1983 மே முதல் 2009 மே வரையிலான காலத்தைக் கணக்கில் சேர்க்காதே என்று தனிச்சட்டம் இயற்றியது. அதற்கும் இரண்டே ஆண்டு அவகாசம்!

இங்கே முஸஃப்பர்நகரைப் பாருங்கள். 2013 கலவரத்தில் ஊரைவிட்டு ஓடிய குடும்பங்களில் ஒரு பகுதியினருக்கு உ.பி. அரசு தலா ஐந்து லட்சம் கொடுத்தது. பழைய ஊருக்குத் திரும்ப மாட்டோம் என்று உறுதிமொழிப் பத்திரமும் எழுதி வாங்கிக் கொண்டது! விரட்டியவன் செய்த வேலைக்கு அரசே முத்திரை குத்திய கதை இது. அவர்கள் விட்டு வந்த இடத்தை அன்றே ஒருவன் பிடித்திருந்தால், 12 ஆண்டுக் கெடு 2025உடன் முடிகிறது.

'இந்தியாவில் இதற்குச் சட்டம் போட முடியாது' என்று எந்த எம்.பி.யாவது சொன்னால், காஷ்மீரைக் காட்டுங்கள். பள்ளத்தாக்கை விட்டு வெளியேறிய பண்டிட்டுகளுக்காக 1997இல் அம்மாநிலம் சட்டம் இயற்றியது. விட்டுச் சென்ற வீடு, நிலத்துக்கு மாவட்ட மாஜிஸ்திரேட்டே பொறுப்பாளர். நெருக்கடியில் அடிமாட்டு விலைக்கு விற்பதற்கும் அதில் தடை உண்டு. நல்ல சட்டம்! அது அவர்களுக்குக் கிடைத்ததில் நமக்கு மனத்தாங்கல் இல்லை. அதையே முஸஃப்பர்நகர் முஸ்லிமுக்கும், 2023இல் வீடிழந்த மணிப்பூர் குக்கிக்கும் மைதேயிக்கும் கேட்கிறோம். துரத்தப்பட்ட காலம் காலவரையறைக் கணக்கில் சேரக் கூடாது என்ற ஒரு வரியையும் சேர்த்துக் கேட்கிறோம்.

இளைஞர்களே! கோஷம் போடும் முன் ஒரு வேலை. மஹல்லாவில் வீடு வீடாகப் போய், யாருடைய பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று குறித்து வாருங்கள். வில்லங்கச் சான்று எடுக்கத் தெரியாத பெரியவர்களுக்கு எடுத்துக் கொடுங்கள். பத்திர நகல் ஒன்று வெளியூர் உறவினர் வீட்டில் இருக்கட்டும். பட்டா மாற்றாதவர்கள் தாலுகா அலுவலகம் போக வெட்கப்பட வேண்டாம். எங்கள் வீட்டுப் பட்டாவும் இன்னும் பாட்டனார் பெயரில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை நானும் வருகிறேன்.