அஞ்சு பவுனுக்கு இங்கிலீஷ்ல என்ன?

வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன சேலத்துல இருந்து தங்கத்தைப் பத்தி ஒரு கேள்வி! அனுப்பினவங்க, ஏற்காடு அடிவாரத்துல இருக்கிற கொண்டப்பநாயக்கன்பட்டி வாசகி. காலேஜ்ல நடந்த மாதிரி இன்டர்வியூவுல 'உங்களைப் பத்திச் சொல்லுங்க'ன்னு கேட்டப்ப, 'மை மதர் மார்ட்கேஜ்டு ஃபைவ் சவரன்ஸ் ஃபார் மை ஃபீஸ்'னு சொன்னாங்களாம். எதிர்ல இருந்தவர் சிரிச்சுட்டாராம். 'என்ன தப்பு?'ன்னு கேட்கிறாங்க.

முதல்ல, சொன்ன விஷயத்துல ஒரு தப்பும் இல்லை. நம்ம ஊர்ல எத்தனையோ டிகிரி, பீரோவுல இருந்து வெளியே போன நகையாலதான் வந்திருக்கு. அதுல சிரிக்க என்ன இருக்கு? திருத்த வேண்டியது ரெண்டே வார்த்தைதான்.

ஒண்ணு, 'மார்கேஜ்'. நடுவுல வர்ற 'டி' ஊமை எழுத்து, உச்சரிக்கக் கூடாது. இது பொதுவா வீடு, நிலம் மாதிரி அசையாச் சொத்துக்குத்தான். நகைக்கு 'பிளெட்ஜ்'. அடகுக்கடைன்னா 'பான்'னும் சொல்லலாம். தமிழ்ல வீட்டுக்கும் நகைக்கும் 'அடமானம்'னு ஒரே வார்த்தையைப் போடறோம் இல்லையா, குழப்பம் அங்கேதான் ஆரம்பம்.

அடுத்தது 'சவரன்'. இதுக்குப் பின்னாடி ஒரு கதையே இருக்கு. 1817-ல பிரிட்டன் வெளியிட்ட தங்கக் காசுக்குப் பேர் 'சாவ்ரின்'. மதிப்பு ஒரு பவுண்டு, தரம் 22 காரட், எடை கிட்டத்தட்ட 8 கிராம். அந்தக் காசு இங்கே வந்ததும் 'சாவ்ரின்' நம்ம வாய்ல சவரன் ஆச்சு, 'பவுண்டு' பவுன் ஆச்சு. காசு போயிடுச்சு, 8 கிராம்ங்கிற கணக்கு மட்டும் நகைக்கடையில நின்னுடுச்சு. ஆனா லண்டன்காரர்கிட்ட 'ஃபைவ் சாவ்ரின்ஸ்'னு சொன்னா, அஞ்சு காசைத்தான் நினைப்பார். அந்த வார்த்தைக்கு ராஜான்னும் அர்த்தம் உண்டு. அஞ்சு ராஜாவை அடகு வெச்சதா நினைச்சாலும் நினைப்பார்! டெல்லிக்காரருக்கோ தங்கம்னா 10 கிராம் கணக்கு. அதனால கிராம்ல சொல்றதுதான் சேஃப்: 'மை மதர் பிளெட்ஜ்டு ஹெர் ஜுவல்ரி, அபவுட் ஃபார்ட்டி கிராம்ஸ் ஆஃப் கோல்டு, டு பே மை ஃபீஸ்.' 'ஜுவல்ரீஸ்'னு பன்மை போட்டுடாதீங்க.

நகையைத் திருப்பறதுக்கு 'ரிடீம்'. 'ஐ ரிடீம்டு மை மதர்ஸ் ஜுவல்ரி'ங்கிற வாக்கியத்தைச் சீக்கிரமே நீங்க சொல்ல வாழ்த்துகள்!

சரி, 'கோல்டு'க்கும் 'கோல்டன்'க்கும் என்ன வித்தியாசம்? பொருளே தங்கம்னா பெரும்பாலும் 'கோல்டு': கோல்டு செயின், கோல்டு ரிங். நிறமோ சிறப்போ சொல்லணும்னா 'கோல்டன்': கோல்டன் ஹேர், கோல்டன் சான்ஸ். ஐம்பது வருஷம் ஆனா கோல்டன் ஜூபிலி. வேலையை விட்டுப் போறவங்களுக்குப் பெரிய தொகை கொடுத்து அனுப்பினா, அது 'கோல்டன் ஹேண்ட்ஷேக்'. 'கோல்டன் அவர்' எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். பலத்த அடிபட்டதுல இருந்து முதல் ஒரு மணி நேரம் அது. அதுக்குள்ள சிகிச்சை கிடைச்சா உயிர் பிழைக்கற வாய்ப்பு ரொம்ப அதிகம். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துலயே இந்த வார்த்தை இருக்கு.

விளையாட்டுக்கு வருவோம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன், 2016 ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர் உயரம் தாண்டினார். இதை 'ஹி வான் கோல்டு'ன்னு சொன்னாலே போதும், 'தி' வேண்டாம். மெடலைச் சேர்த்துச் சொன்னா 'ஹி வான் எ கோல்டு மெடல்'. இங்கே 'எ' கட்டாயம். 'கோல்டன் மெடல்'னு மட்டும் சொல்லிடாதீங்க. 2021-ல நடந்த டோக்கியோ போட்டியில வெள்ளி, 2024 பாரிஸ்ல வெண்கலம். மூணு கலர்லயும் மெடல் வாங்கினவரோட அப்பா பேர் தங்கவேலு. பேர்லயே கோல்டு!

மனுஷங்களைச் சொல்றப்ப கொஞ்சம் ஜாக்கிரதை. 'தங்கமான மனசு'க்கு 'ஹார்ட் ஆஃப் கோல்டு' அப்படியே பொருந்தும். சேட்டை பண்ணாம இருந்த குழந்தையை 'ஆஸ் குட் ஆஸ் கோல்டு'ன்னு பாராட்டலாம். ஆனா பாட்டி கொஞ்சற 'என் தங்கமே'யை 'மை கோல்டு'ன்னு மாத்தினா எடுபடாது, 'டார்லிங்'தான் சரி. 'கோல்டு டிக்கர்' பக்கமே போகாதீங்க. தங்கம் தோண்டறவர்ங்கிறது பழைய அர்த்தம். இப்போ காசுக்காகக் காதலிக்கிறவங்கன்னு அர்த்தம். ஃப்ரெண்டை விளையாட்டுக்குச் சொன்னாலும் ஃப்ரெண்ட்ஷிப் கட்!

கடைசியா, 'கவரிங்'. நாம இங்கிலீஷ்னு நினைச்சுட்டிருக்கோம். வெளியூர்ல 'கவரிங்'னா போர்வை, மூடின்னுதான் புரிஞ்சுக்குவாங்க. 'கோல்டு பிளேட்டட்' அல்லது 'இமிடேஷன் ஜுவல்ரி'ன்னு சொல்லணும். 'கில்ட்'னா தங்கப் பூச்சு. குற்ற உணர்ச்சிக்கும் உச்சரிப்பு அதேதான், ஸ்பெல்லிங்ல மட்டும் ஒரு 'யு' கூட வரும்.

அடுத்த வாரம் சில்வர். 'சில்வர் டங்'னா வெள்ளி நாக்குன்னு எழுதாம, சரியான அர்த்தம் கண்டுபிடிச்சு அனுப்புங்க பார்ப்போம்!