புளி நம்ம மரத்துல, பாட்டில் யாரோடது?

போன சித்திரையில் நாகலாபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் இயற்கை உழவர் கூட்டம். காலையிலிருந்து நஞ்சில்லா உணவு, மரபு விதை, மண்புழு என்று பேசினோம். வெயில் ஏறியதும் எல்லார் கையிலும் கலர் பாட்டில் வந்தது. ஓரமா உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி கேட்டார்: "ஏம்ப்பா, வெசம் வேண்டாம் வெசம் வேண்டாம்னு இம்புட்டு நேரம் பேசிட்டு, இதப்போயி குடிக்கீகளே?" யாருக்கும் பதில் வரல. இத்தனைக்கும் கூட்டம் நடந்தது ஒரு புளியமரத்தடியில்.

இனி நம்ம கூட்டங்களில் பானகம்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. இது பழம்பெருமைக்காகச் சொல்றதில்லை. கணக்குப் பார்த்துத்தான் சொல்றேன்.

கரிசக்காட்டில் தண்ணி ஊத்தாமலே காய்க்கிற மரம் புளி. மாசி, பங்குனியில் உலுக்குகிறோம். ஓடு நீக்கி, கொட்டை எடுத்து, காயவைக்கிற பொறுமை இல்லாமல் மரத்தோடு குத்தகைக்கு விடுகிறோம். பிறகு அதே புளியைக் கடையில் பொட்டலமாக வாங்குகிறோம். கிழக்கே வேம்பாரில் பனை ஏறுகிற பருவமும் இதே கோடைதான். புளியும் கருப்பட்டியும் சேர்ந்து வருகிற காலத்தில் நாம பாட்டிலுக்குக் காசு கொடுக்கிறோம்.

ஐம்பது பேருக்குப் பத்து லிட்டர் பானகம் போதும். அதற்குக் கொட்டை எடுத்த புளி 300 கிராம், கருப்பட்டி ஒரு கிலோ, சுக்கு, ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு. புளியை அரை மணி நேரம் ஊறவைத்துக் கரைத்து வடிகட்டுங்கள். கருப்பட்டியைத் தனியாகக் கரைத்து, தெளியவிட்டு இறுத்து ஊற்றுங்கள். அடியில் சுண்ணாம்பும் மண்ணும் தங்கும். தட்டிய சுக்கு, ஏலக்காயைக் கடைசியில் போடுங்கள். கொதிக்க வைக்க வேண்டாம், அதனால் தண்ணீர் மட்டும் நல்ல குடிதண்ணீராக இருக்கணும். பாத்திரம் மண்பானை அல்லது எவர்சில்வர். அலுமினியம், ஈயம் பூசாத பித்தளை கூடாது. புளியின் அமிலம் உலோகத்தை அரிக்கும்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கருப்பட்டியும் இனிப்புதான். 200 மில்லி டம்ளரில் 20 கிராம் கருப்பட்டி இருக்கு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மோர் கொடுங்கள். பானகம் மருந்து என்று சொல்லி விற்பது நம் வேலையில்லை. அதேபோல வெள்ளைச் சீனி கலந்த கருப்பட்டியை மலிவா இருக்குன்னு வாங்கினால், பனையேறியையும் ஏமாத்துகிறோம், நம்மையும் ஏமாத்திக்கிறோம். தெரிந்த பனையேறியிடம் நேரில் வாங்குங்கள்.

"இதையே பாட்டிலில் அடைச்சு வித்தா என்ன?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பானகம் கோடையில் அன்றைக்கே நுரைத்துப் புளித்துவிடும். கெடாமல் வைக்கணும்னா காய்ச்சணும், மருந்து சேர்க்கணும். அப்புறம் நமக்கும் பாட்டில்காரனுக்கும் என்ன வித்தியாசம்? விற்க வேண்டியது சுத்தம் செய்த புளியும், நல்ல கருப்பட்டியும். கரைத்துக் கொடுப்பது சந்தையிலும் திருவிழாவிலும் நடக்கட்டும்.

இந்தப் பங்குனிக்கு ஒரு மரத்தையாவது குத்தகைக்கு விடாமல் வைத்திருங்கள். வீட்டுக்குப் பத்து கிலோ புளி உப்புப் போட்டுப் பானையில் இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்கு அந்தப் பாட்டி வருவார். முதல் டம்ளர் அவருக்குத்தான்.