பத்துச் சதப் புத்தகமும் பழம்புத்தக வியாபாரியும்

இலக்கியத்தைப் பற்றிப் பேசப் புகுந்தால் எழுத்தாளனைப் பற்றிப் பேசுகிறோம். விமரிசகனைப் பற்றிப் பேசுகிறோம். இடையிடையே வாசகனைப் பற்றியும், மிக அரிதாகப் பிரசுரகர்த்தரைப் பற்றியும் பேசுகிறோம். இந்நால்வருக்கும் இடையே புத்தகத்தைச் சுமந்து திரியும் ஐந்தாமவன் ஒருவன் உண்டு. அவனே வியாபாரி. அவனைப் பற்றிப் பேசுவது இலக்கியப் பண்புக்கு இழுக்கு என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் பிழையானது என்பது என் அபிப்பிராயம். புத்தக வியாபாரிகளுள் ஆகக் கீழ்ப்படியில் நிற்பவனாகக் கருதப்படும் ஒருவனை, அதாவது பழைய சித்திரக்கதைப் புத்தகங்களை விற்பவனை எடுத்துக்கொண்டே இதனை விளக்க விரும்புகிறேன். இதற்கு எனக்குள்ள தகுதி ஒன்றே ஒன்று: ரொறன்ரோவிலும் அதன் அயல் நகரங்களிலும் நடைபெறும் சித்திரக்கதை மகாநாடுகளில் பல ஆண்டுகளாக மேசை போட்டு விற்று வருபவன் நான்.

‘கொமிக்ஸ்’ என்ற சொல்லைக் கேட்டதும் முகஞ் சுளிக்கும் ஆசிரிய நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். அம்முகச் சுளிப்புப் புதியதன்று. 1949 இல் கனடா குற்றக் கதைச் சித்திரப் புத்தகங்களைச் சட்டத்தினால் தடை செய்தது. அந்த விதி 2018 இலேதான் நீக்கப்பட்டது. 1954 இல் அமெரிக்க உளமருத்துவர் பிரெடறிக் வேர்த்தாம், இப்புத்தகங்கள் சிறுவரைக் கெடுக்கின்றன என்று ஒரு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் செனற் சபையின் உபகுழுவொன்று விசாரணை நடத்தியது. அஞ்சிய பிரசுரகர்த்தர்கள் தமக்குத் தாமே ஒரு தணிக்கை விதியை வகுத்துக்கொண்டனர். சில ஊர்களில் புத்தகங்களைக் குவித்துத் தீ மூட்டியதும் உண்டு. எரிக்கப்படாதவை பெற்றோரால் எறியப்பட்டன. அதற்கும் முன்னர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், பழங் கடதாசி சேகரிக்கும் இயக்கங்களுக்குச் சிறுவர்கள் தாமே தம் புத்தகங்களை அள்ளிக் கொடுத்திருந்தனர். இவை யாவற்றுக்கும் தப்பியவற்றை அக்கடதாசியே அழிக்கத் தொடங்கியது. மலிவான மரக்கூழினாற் செய்யப்பட்ட தாள் தன்னுள்ளே அமிலத்தைக் கொண்டது. ஒளியும் வெப்பமும் பட்டால் மஞ்சளாகிப் பின் பழுப்பாகி முடிவில் நொறுங்கிப் போகும்.

1938 ஜூன் திகதியிட்டு வெளிவந்த ‘அக்சன் கொமிக்ஸ்’ முதலாம் இதழின் விலை பத்துச் சதம். சூப்பர்மான் முதன்முதல் தோன்றியது அதிலேதான். அப்பாத்திரத்தைப் படைத்த ஜெறி சீகல், ஜோ சஸ்ரர் என்னும் இரு இளைஞரும் அதன் உரிமையை 130 டொலருக்கு விற்றனர். இவருள் சஸ்ரர் 1914 இல் இதே ரொறன்ரோ நகரிற் பிறந்தவர். அவ்விதழின் பிரதியொன்று 2024 இல் 60 இலட்சம் டொலருக்கு ஏலத்திற் போயிற்று. முதுமையில் வறுமையுற்ற அவ்விரு கலைஞருக்கும், பகிரங்கமாக எழுந்த கண்டனத்தின் பின்னர், 1975 இலேதான் ஆண்டுக்கு 20,000 டொலர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. படைத்தவனுக்கும் அவன் படைப்பின் இன்றைய விலைக்கும் உள்ள இத்தூரத்தை நினைவில் வைத்துக்கொண்டே வியாபாரியின் கதைக்கு வரவேண்டும்.

இவ்வளவு அழிவுக்கும் தப்பிய புத்தகங்களைக் காத்தவர் யார்? பெரும்பாலான நூலகங்கள் அந்நாளில் அவற்றை வாசலுக்குள்ளும் விடவில்லை. காத்தவர்கள் வளர்ந்த பின்னும் தம் பால்யத்தை எறிந்துவிட மனமில்லாத வாசகர்கள் சிலரும், அவர்களுக்காகப் பழங்கடை தோறும் தேடித் திரிந்த சிறு வியாபாரிகளுமே. அவர்கள் ஒருவரையொருவர் காண்பதற்கென ஏற்பட்டவைதாம் இம்மகாநாடுகள். 1964 இல் நியூயோர்க்கிலும் 1965 இல் டெற்றோயிற்றிலும் சிறிய அளவிற் கூடினார்கள். 1960களின் இறுதியிலிருந்து நியூயோர்க் மகாநாட்டைப் பெரிதாக நடத்திய பில் சூலிங் என்பவர், நம் வாசகரிற் பலரைப் போலவே ஒரு பாடசாலை ஆசிரியர். புறூக்ளினில் ஆங்கிலம் கற்பித்தவர். 1970 இல் சான் டியேகோ நகரில் ஒரு ஹொட்டலின் நிலவறையிலே ஏறக்குறைய முந்நூறு பேர் கூடிய மகாநாடு, இன்று ஒரு இலட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வரும் பெருவிழாவாகி விட்டது. தொடக்கத்தில் வியாபாரிகளின் அறையே மகாநாடு. ஏனையவை அதன் ஓரங்கள். இன்று நிலை மாறிவிட்டது. வியாபாரி ஓரத்துக்குப் போய்விட்டான்.

அவனுடைய கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்போம். மூன்று நாள் மகாநாட்டில் ஒரு மேசைக்கு 600 டொலர் வாடகை என்றும், வான் செலவு 200 என்றும், தங்குமிடமும் உணவும் 400 என்றும் வைத்துக்கொள்வோம். கூட்டினால் 1,200 டொலர். விற்கும் விலையிற் பாதி, அப்புத்தகத்தை வாங்குவதற்கு முன்னரே கொடுக்கப்பட்டது. ஆகவே 2,400 டொலருக்கு விற்ற பின்னரே அவன் கையில் முதலாவது சதம் மிஞ்சும். புத்தகம் ஒன்று சராசரி ஐந்து டொலரென்றால் 480 புத்தகங்கள். மண்டபம் திறந்திருப்பது நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலமாயின், மூன்று நிமிடத்துக்கு ஒரு புத்தகம் விற்க வேண்டும். இது இலாபமன்று, நட்டப்படாமல் வீடு திரும்புவதற்கான வழி மாத்திரமே. இதற்காக, இருநூறு புத்தகம் கொள்ளும் நீளப் பெட்டிகள் இருபதை வியாழக்கிழமை இறக்கவும் ஞாயிறு இரவு ஏற்றவும் வேண்டும். முதுகு வலியை எந்தப் பேரேட்டிலும் எழுதுவதில்லை.

இனி வாங்க வருவோரைப் பார்க்கலாம். கதவு திறக்குமுன்னரே சக வியாபாரிகள் மேசை மேசையாக வந்து மலிவானவற்றைப் பொறுக்கிக்கொள்வர். சனிக்கிழமை வருவோர் கையிற் தொலைபேசியுடன் வந்து, இதே புத்தகம் வேறெங்கோ என்ன விலைக்குப் போயிற்று என்று கண்முன்னே பார்ப்பர். ஞாயிறு பிற்பகல் வருவோர், ‘திரும்பவும் சுமக்கப் போகிறாயா?’ என்ற கேள்வியை முகத்திலேயே எழுதிக்கொண்டு வந்து பாதி விலைக்குக் கேட்பர். இவர்கள் எவரையும் நான் குறைகூற மாட்டேன். பேரம் சந்தையின் தருமம். ஆயினும் நம்மவர் ஒருவர் தம் மகனுடன் வந்து கேட்ட கேள்வியொன்று மட்டும் குறிப்பிடத்தக்கது. “அண்ணை, இந்தப் பழங் கடதாசிக்கு நாற்பது டொலரோ?” என்றார் அவர். “கடதாசிக்குக் காசில்லைத் தம்பி. எழுபது வருஷமா ஆரோ ஒருத்தர் இதை எறியாமல் வைச்சிருந்தாரே, அதுக்குத்தான் காசு” என்றேன். அவர் வாங்கவில்லை. மகன் மட்டும் ஒரு டொலர்ப் பெட்டியைக் கிளறி மூன்று புத்தகங்கள் எடுத்துக்கொண்டான். அன்றைய விற்பனவில் எனக்குத் திருப்தி தந்தது அதுவே.

இம்மகாநாடுகள் இன்று திரைப்பட நடிகரின் கையொப்பத்துக்கும் புகைப்படத்துக்கும் மக்கள் கியூவில் நிற்கும் இடங்களாக மாறிவிட்டன. நடிகரிடம் கையொப்பம் வாங்க வந்தவன் கைப்பணம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. கூட்டம் பெருக, வாடகையும் பெருகுகிறது. வாடகை பெருக, மலிவான புத்தகம் கொண்டுவரும் சிறு வியாபாரி விலகுகிறான். பெரியவர்களும் இதற்குத் தப்பவில்லை. கொலராடோ மாநிலத்து ‘மைல் ஹை கொமிக்ஸ்’ என்னும் புகழ்பெற்ற கடை, 44 ஆண்டுகள் இடையறாது சென்றுவந்த சான் டியேகோ மகாநாட்டிலிருந்து 2017 இல் விலகிக்கொண்டது. கூட்டம் வந்தாற்றானே புதிய வாசகன் வருவான் என்று அமைப்பாளர் வாதிக்கலாம். அவ்வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. திரைப்படம் பார்த்து வந்த சிறுவன் மூலக் கதையைத் தேடி என் மேசைக்கு வந்ததை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அவன் தேடி வரும் நேரத்தில் அங்கே மேசை இருக்க வேண்டுமல்லவா? வியாபாரி விலகிய பின் எஞ்சுவது விளம்பரம், புத்தகம் அன்று.

பணச் செலவினும் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. 2000 ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்காவில் நிறுவனமொன்று புத்தகங்களின் நிலையைப் பரிசோதித்துப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு, கடினமான பிளாஸ்ரிக் உறையில் முத்திரையிட்டுக் கொடுத்து வருகிறது. இதில் நன்மை உண்டு. ஓரம் வெட்டப்பட்டதையும் நிறம் பூசி மறைக்கப்பட்டதையும் அறியாமல் பெருந்தொகை கொடுத்து ஏமாறுவோருக்கு இது ஒரு பாதுகாப்பு. ஆனால் உறையிட்ட புத்தகத்தைத் திறக்க முடியாது. திறந்தால் புள்ளி போய்விடும். வாசிக்க முடியாத புத்தகம்! இலட்சம் பெறும் அரும்பிரதிக்கு இது பொருந்தலாம். நேற்று அச்சான சாதாரண இதழையும் உறையிட்டு விற்கும் வழக்கத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். அது புத்தகத்தைப் பங்குப் பத்திரமாக்கும் செயல்.

அதன் முடிவு எதுவென்று அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1991 இல் ‘எக்ஸ்-மென்’ புதிய வரிசையின் முதலிதழ் எண்பது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்பனையாயிற்று. பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு உதவும் என்றெண்ணிப் பலர் கட்டுக் கட்டாக வாங்கி வைத்தனர். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு அருமை எங்கிருந்து வரும்? இன்று அதைச் சில டொலருக்குள் வாங்கலாம். அந்த மோகம் அடங்கியபோது கடைகள் பல மூடப்பட்டன. 1996 இறுதியில் மார்வெல் நிறுவனமே வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியது. பழைய புத்தகங்கள் விலையேறியது அவற்றை வாசித்துக் கிழித்தமையாலன்றோ! கிழியாமல் எஞ்சிய ஒன்றிரண்டுக்கே மதிப்பு. வாசிப்பில்லாத இடத்தில் அருமையும் இல்லை என்பதே இச்சரித்திரம் போதிக்கும் பாடம்.

ஆகவே வியாபாரியின் உண்மையான சோதனை வாடகையிலும் இல்லை, சுமையிலும் இல்லை. தனக்குத் தெரிந்தது எதிரே நிற்பவருக்குத் தெரியாது என்னும் கணத்தில் இருக்கிறது. கணவனை இழந்த மூதாட்டி ஒருவர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, “என்ன தருவாய்?” என்று கேட்கிறார். உள்ளே இருப்பது இன்னதென்று அவருக்குத் தெரியாது, வியாபாரிக்குத் தெரியும். 1970 இலிருந்து விலைக் கையேடுகள் வந்துகொண்டிருக்கின்றன. ஆனால் அவ்வம்மையாரின் கையில் அது இல்லை. அவர் கேட்டதற்கு மேலாகக் கொடுப்பவன் வியாபாரத்தில் மூடன் என்று சிலர் சொல்வர். நான் அவ்வாறு கருதவில்லை. சொற்ப விலைக்கு வாங்கியவனின் கதை அடுத்த மகாநாட்டுக்குள் மண்டபமெங்கும் பரவும். அதன்பின் எந்த வீட்டுப் பரணும் அவனுக்குத் திறவாது. நேர்மை இங்கே அறம் மட்டுமன்று, தொழிலின் முதலும் அதுவே.

கனடாவுக்குரிய எடுத்துக்காட்டு ஒன்றைக் கூறி முடிக்கலாம். 1940 டிசெம்பரில், போர்க் காலத்து அந்நியச் செலாவணியைச் சேமிப்பதற்காக, அமெரிக்கச் சித்திரக்கதைப் புத்தகங்களின் இறக்குமதி இங்கு நிறுத்தப்பட்டது. அவ்விடைவெளியில் உள்ளூர்ப் பிரசுரங்கள் முளைத்தன. அட்டையில் மட்டும் நிறமும் உள்ளே கறுப்பு வெள்ளையுமாக வந்தமையால் அவை ‘கனடிய வெள்ளைகள்’ எனப்பட்டன. வடபுலத்து வீராங்கனை நெல்வானா 1941 இலேயே அவற்றில் தோன்றிவிட்டாள். போர் முடிந்து இறக்குமதி மீண்டதும் சில ஆண்டுகளில் அவை மறைந்தன. இறக்குமதிக் கட்டுப்பாடும் உள்ளூர் இலக்கியமும் பற்றிப் பலகாலம் விவாதித்த நம் இலக்கிய அன்பர்க்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது. அப்புத்தகங்களில் ஒருசிலவேனும் இன்று பார்க்கக் கிடைக்கின்றனவென்றால், சேகரித்தோரும் அவர்களுக்கு விற்றோரும் அதற்குக் காரணர். நம் பழைய சஞ்சிகைகள் எத்தனை கறையானுக்கும் கடலைச் சுருளுக்கும் போயின என்பதை நான் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

மகாநாட்டு அமைப்பாளர்களிடம் நான் கேட்பது அதிகமன்று. அச்சிட்ட புத்தகம் மாத்திரம் விற்போருக்கென மண்டபத்தின் ஒரு பகுதியைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கட்டும். நூலகர்கள் கையிற் சிறு தொகையோடு அங்கு வரட்டும். பெற்றோர் பிள்ளைக்கு நடிகரின் படம் ஒன்று வாங்குமிடத்து, திறந்து வாசிக்கக்கூடிய புத்தகம் ஒன்றும் வாங்கிக் கொடுக்கட்டும். வியாபாரிகளாகிய நாமும் புத்தகத்தின் குறையை மறையாமல் எழுதி வைப்போம். ஒரு டொலர்ப் பெட்டியை மேசைக்குக் கீழே தள்ளாமல், சிறுவர் கையெட்டும் இடத்தில் மேலே வைப்போம். பத்துச் சதத்துக்கு வந்த கலை அது. பத்துச் சதம் வைத்திருப்பவனுக்கும் அது எட்ட வேண்டும்.