தருமம் கற்பிக்கும் ஆங்கிலம்

மலையகத்துச் சிறு நகரமொன்றில், தரும ஆங்கில வகுப்பொன்றில் ஈராண்டுகள் கற்பித்தேன். மாணவர் யாவரும் லயங்களிலிருந்து வந்த பிள்ளைகள். அவர்கள் ஆங்கிலத்தில் எழுதிய முதற் கட்டுரை யாது? நன்கொடையாளருக்கு நன்றிக் கடிதம்!

1945இல் இலவசக் கல்வி இந்நாட்டு மக்களின் உரிமையாயிற்று. ஆயினும் தோட்டப் பாடசாலைகள் நெடுங்காலம் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. எழுபதுகளிலேதான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. அத்தாமதத்தின் வட்டியை இன்றும் பிள்ளைகளே கட்டுகின்றனர். மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் பாடமாக உண்டு. பல தோட்டப் பாடசாலைகளில் அதனைப் படிப்பிக்க ஆசிரியர்தான் இல்லை.

சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்பர். பொருத்தமான பெயர். நமது தருமவான்களோ வாளை வைத்துக்கொண்டு உறையை மட்டும் ஈகின்றனர். விருந்தினரை வரவேற்கவும், உணவு பரிமாறவும், தலை குனிந்து நன்றி சொல்லவும் போதிய ஆங்கிலம்! முறைப்பாடு எழுதும் முறையை நான் கற்பித்தபோது, "இங்கே அரசியல் வேண்டாம்" என்றனர்.

வகுப்பை மூடுக என்று கூறேன். அங்கு கற்றுத் தொழில் பெற்றோரும் உளர். ஆனால் மாலை வகுப்பைக் காட்டி, காலைப் பாடசாலையின் வெற்று நாற்காலியை மறைப்பதை எங்ஙனம் பொறுப்பது?

ஆசிரிய நண்பர்களே, கற்பியுங்கள். அடுத்த கடிதம் கல்வித் திணைக்களத்துக்குச் செல்லட்டும்: "எங்கள் ஆங்கில ஆசிரியர் எங்கே?" அதனை மாணவரே, பிழையற்ற ஆங்கிலத்தில் எழுதட்டும்.