நிலம் யாருடையது? மானியம் யாருக்கு?

"கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு அரசு நிலம் எதற்கு? மக்களின் வரிப்பணம் எதற்கு?" என்னும் வினா நம் நாட்டில் அவ்வப்போது உரத்து எழுப்பப்படுகிறது. நம்மவருள் பலர் அரசியல் சாசனத்தின் 30ஆம் பிரிவை எடுத்துக் காட்டிவிட்டு, கடமை முடிந்ததென அமர்ந்துவிடுகின்றனர். கேட்பவருக்கு வரலாறு தெரியவில்லை. விடை சொல்பவருக்கு மனச்சான்று உறுத்தவில்லை. இரு சாராரிடமும் நாம் பேச வேண்டியுள்ளது.

முதலில் கேட்பவருக்கு. மானிய முறை மறைப்பணியாளருக்கென வகுக்கப்பட்ட சலுகையன்று. 1854இல் சார்லஸ் வுட் விடுத்த கல்வி அறிக்கையே அதன் வேர். ஊர்தோறும் பள்ளி கட்ட அன்றைய அரசுக்கு வசதியில்லை. எனவே, நடத்துவோர் எச்சமயத்தவராயினும், அங்குக் கற்பிக்கப்படும் பொதுக் கல்வியின் தரத்தை மட்டும் நோக்கி உதவி அளிக்கலாம் என்று வகுத்தனர். இந்து அறக்கட்டளைகளும் இசுலாமிய அமைப்புகளும் இதே முறையில் உதவி பெற்றன. விடுதலைக்குப் பின் எழுந்த சாசனமோ, சிறுபான்மையினர் நடத்துகின்றனர் என்பதற்காக ஒரு பள்ளிக்கு உதவி வழங்குவதில் பாகுபாடு கூடாது என்று 30(2)இல் விதித்தது. உதவி பெறும் பள்ளியில் இசைவின்றி எவரையும் மறைக்கல்விக்கு உட்படுத்தலாகாது என்று 28(3)இல் வேலியும் இட்டது. அரசுதவியின் பெரும்பகுதி ஆசிரியரின் ஊதியம். அதில் ஆலயத்துக்கு ஒரு செங்கல்லும் வாங்க இயலாது.

அந்த உதவியை நிறுத்தினால் இழப்பு யாருக்கு? தமிழ்நாட்டில் விடை கண்முன் உள்ளது. 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கும் வகுப்புகளுக்கும் மானியம் இல்லை என்றாயிற்று. சபைகள் பள்ளி திறப்பதை நிறுத்தவில்லை. கட்டணப் பள்ளிகளைத் திறந்தன. வாயிலில் நின்றுபோனவர்கள் கூலித் தொழிலாளரின் பிள்ளைகளே. உதவி பெறும் பள்ளியில் இடம் கிடைத்த பிள்ளைகளும் நெடுங்காலம் இரண்டாம் வரிசையிலேயே நிறுத்தப்பட்டனர். 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 2022இல் அரசுப் பள்ளியில் தொடங்கிய காலை உணவு, ஊரகத்தின் உதவி பெறும் பள்ளிகளுக்கு 2024இலும் நகரப்புறத்தவற்றுக்கு 2025இலும்தான் வந்தது. பசிக்கு நிர்வாகம் எதுவெனத் தெரியுமோ?

இனி நம்மவருக்கு. நெய்வேலியில் வாழும் நமக்கு நிலம் என்பது வெறும் பத்திரச் சொல்லன்று. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். முந்திரியும் கம்பும் விளைந்த ஊர்கள் எடுக்கப்பட்டு, அங்கே வட்டம் வட்டமாக நகரியம் எழுந்தது. அந்தக் கதை இன்னும் முடியவில்லை. 2023இல் வளையமாதேவியில் கதிர்விடும் பயிரின்மீது இயந்திரங்கள் இறங்கியதை நாடே கண்டது. ஆகவே, இம்மண்ணில் குத்தகைக்கோ குறைந்த வாடகைக்கோ இடம் பெற்று ஒரு பள்ளி நிற்குமாயின், அது அரசின் கொடையில் நிற்பதாக நாம் எண்ணலாகாது. உழவனின் இழப்பில் நிற்கிறது. அந்த உழவனின் பேரப்பிள்ளை கட்டணம் கட்ட இயலாமல் அப்பள்ளியின் மதிலுக்கு வெளியே நிற்பானாயின், நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி நாம் மறையுரை ஆற்றுவதில் பொருளில்லை.

கட்டாயக் கல்விச் சட்டத்தின் 25 விழுக்காடு இடங்கள் சிறுபான்மைப் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நம்மவர் சிலர் வெற்றி எனக் கொண்டாடினர். சட்டம் விலக்கு அளித்தது, நற்செய்தி அளித்ததா? கிறிஸ்தவக் கல்வி பற்றிய சங்க ஏடு 1965லேயே, பொருளில் வறியவர்மீது சிறப்பான அக்கறை வேண்டும் என நம் பள்ளிகளுக்குப் பணித்துள்ளது. நீதிமன்றம் நீக்கிய சுமையைத் திருச்சங்கம் நம் தோளினின்று இறக்கவில்லை. உரிமையைக் காக்க வழக்குமன்றம் செல்லும் ஊக்கத்தில் ஒரு பங்கேனும், அவ்வுரிமை எதற்காகத் தரப்பட்டது என்று எண்ணுவதற்கு வேண்டாமா?

"கட்டணம் இன்றேல் ஆசிரியருக்கு ஊதியம் எங்கிருந்து வரும்?" என்பர். நியாயமான வினாதான். எல்லார்க்கும் கட்டணம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. செலுத்த வல்லவர் செலுத்தட்டும். பொது நிலம் பெற்ற ஒவ்வொரு பள்ளியும், நிலம் இழந்த ஊர்களின் பிள்ளைகளுக்கும் ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் சமயம் பாராமல் குறிப்பிட்ட இடங்களை ஒதுக்கட்டும். ஆண்டுதோறும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். அரசும் 1991-92 என்ற கோட்டை அழித்து, ஏழைப் பிள்ளை பயிலும் பள்ளிக்கு உதவட்டும்.

அப்போது எவரேனும் வந்து, "உங்களுக்கு நிலம் எதற்கு?" என்று கேட்டால் நாம் சாசனத்தைப் புரட்ட வேண்டியதில்லை. வருகைப் பதிவேட்டைத் திறந்து காட்டலாம். கத்தாழையிலிருந்தும் கரிவெட்டியிலிருந்தும் வந்த பிள்ளைகளின் பெயர்கள் அதில் இருக்குமாயின் அதுவே நம் பட்டா. இல்லையெனில், நம்மிடம் உள்ள எந்தப் பத்திரமும் இறைவன் முன் செல்லாது.