பிரார்த்தனை யாரையும் கட்டிப்போடவில்லை

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். ஓட வழியில்லாமல் கருகியவர்களும் பிறகு தீக்காயத்தால் இறந்தவர்களுமாக 28 உயிர்கள் போயின.

இதைப் பற்றிப் பேசும்போது இன்றுவரை இரண்டு குரல்கள் கேட்கின்றன. நோயாளிகளை ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போன மூடத்தனம்தான் கொன்றது என்கிறது ஒன்று. காப்பகக்காரர் செய்த குற்றத்துக்குப் பக்தியை ஏன் இழுக்கிறீர்கள் என்கிறது மற்றொன்று. இரண்டுமே அவசரத் தீர்ப்புகள். நம்பிக்கை எந்த இடத்தில் ஏமாளித்தனமாக மாறியது என்பதை நிதானமாகப் பார்த்தால்தான் அந்த 28 பேரின் சாவிலிருந்து நாம் எதையாவது கற்றுக்கொள்ள முடியும்.

ஏர்வாடி தர்கா, சுல்தான் சையிது இப்ராகிம் ஷஹீது என்ற அவ்லியா (இறைநேசர்) அடங்கியிருக்கும் இடம். முஸ்லிம்களோடு இந்துக்களும் கிறிஸ்தவர்களும் அங்கே வருகிறார்கள். பேய் பிடித்திருக்கிறது, செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊரார் சொன்ன பிள்ளையை அழைத்துக்கொண்டு, வேறு போக்கிடம் தெரியாத தாய்மார்கள் வருகிறார்கள். தர்கா விளக்கின் எண்ணெயைப் பூசுவார்கள், தண்ணீரை மந்திரித்துக் குடிக்கக் கொடுப்பார்கள். வீட்டுக்குப் போகலாம் என்று கனவில் உத்தரவு கிடைக்கும்வரை காத்திருப்பார்கள். மகனின் பக்கத்திலேயே படுத்து, ஊட்டிவிட்டு, அவனுக்காக அழுது தொழும் அந்தத் தாயை ஏமாளி என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவள் தன் பொறுப்பை யாரிடமும் ஒப்படைத்துவிடவில்லை.

மாதங்கள் ஓடும். கையிருப்பு கரையும். ஊரில் வயலும் மற்றப் பிள்ளைகளும் காத்திருக்கும். அப்போதுதான் ஒருவர் வந்து, “எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள், உத்தரவு வரும்வரை பார்த்துக்கொள்கிறோம், மாதம் பணம் அனுப்பினால் போதும்” என்பார். அவ்லியாவிடம் வைத்த நம்பிக்கை, அவ்லியாவின் பெயரைச் சொன்ன மனிதரிடம் அப்படியே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இங்கே மருத்துவர் வருவாரா, ஏன் சங்கிலி, இரவில் யார் காவல், அரசு உரிமம் இருக்கிறதா என்ற கேள்விகள் எழவில்லை. புண்ணியத் தலத்தில் நின்று கேள்வி கேட்பதே பாவம் என்று தோன்றிவிடுகிறது. மனநோயாளிகளை வைத்துப் பராமரிக்க உரிமம் வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. அதைச் சரிபார்க்க வேண்டிய அரசும் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. தீ விபத்துக்குப் பிறகு ஒரே வாரத்தில் அத்தகைய காப்பகங்களை எல்லாம் மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டோரை அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ள முடிந்தது. முன்பே செய்திருக்கலாம்.

கடவுளிடம் உரிமம் கேட்க முடியாது, கேட்கவும் வேண்டாம். கடவுளின் பெயரால் பணம் வாங்குகிறவரிடம் கேட்டே ஆக வேண்டும். அப்படிக் கேட்பதால் பக்தியில் ஒரு துளியும் குறைந்துவிடாது.

இன்னொரு தலத்தைப் பாருங்கள். தமிழகத்துக் கிராமம் ஒன்றில் இருக்கும் முத்துசுவாமி கோயிலுக்கும் மனநோயாளிகளை அழைத்து வந்தார்கள். அங்கே தங்கிய 31 பேரைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2002-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் எழுதினார்கள். கோயிலில் தங்கக் கட்டணம் இல்லை. நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் உடனிருப்பார். காலையில் சிறு பூஜை, பிறகு கூட்டுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது போன்ற எளிய வேலைகள். சிறப்புச் சடங்கு எதுவும் இல்லை. சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களிடம் நோய்க்குறிகள் ஏறக்குறைய 20 சதவீதம் தணிந்திருந்தன. சிறிய ஆய்வுதான்; ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. ஆகவே கோயிலே போதும், மருந்து வேண்டாம் என்று இதிலிருந்து யாரும் முடிவுகட்டக் கூடாது. ஆனால் பயமுறுத்தாத இடம், உறவினரின் துணை, சேர்ந்து செய்யும் வேலை, தெய்வம் கைவிடாது என்ற ஆறுதல் ஆகியவை நோயாளிக்கு உதவக்கூடும் என்று தெரிகிறது. பக்தியை வெறும் பித்தலாட்டம் என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அந்தக் கோயிலில் என்ன நடந்தது என்று ஆய்வாளர்கள் அளந்து பார்க்க முடிந்தது. உண்மையான நம்பிக்கைக்கு அளவுகோலைக் கண்டு பயமில்லை. ஏமாளித்தனத்தை வளர்க்கிறவர்கள்தான் சோதனைக்கு இடம் கொடுப்பதில்லை. மாத்திரையை நிறுத்து என்பார்கள். குணமாகவில்லை என்றால், உனக்கு முழு நம்பிக்கை இல்லை என்று துன்பப்படுகிறவர் மீதே பழிபோடுவார்கள். எனக்கு மிகவும் கொடுமையாகப் படுவது இதுதான். நோயோடு குற்ற உணர்ச்சியையும் சேர்த்துச் சுமத்தி அனுப்புகிறார்கள்.

இப்படி ஏமாற்றுவதற்குக் கடவுள் பெயர்கூடத் தேவையில்லை. சர்க்கரை நோயை அடியோடு போக்குவோம் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. படித்தவர்களும் அத்தகைய வாக்குறுதிகளுக்குப் பணத்தைக் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

மருத்துவத்தோடு கைகோத்த தலமும் உண்டு. குஜராத்தின் உனாவாவில் உள்ள மீரா தாத்தார் தர்காவில் ‘தவா–துவா’ என்ற திட்டம் 2008-இல் தொடங்கியது. மருந்தும் பிரார்த்தனையும் ஒரே வளாகத்தில். துவா ஓதும் முஜாவிர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்புகிறார்கள். அதே வழியை ஏர்வாடியிலும் தமிழக அரசு பின்பற்றியது. தர்காவின் மதிப்பு இதனால் குறைந்துவிடவில்லை.

மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒருவருக்கு மனம் பேதலித்திருந்தால், நேர்ந்துகொண்ட தலத்துக்கு அழைத்துப் போங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போங்கள். வழி தெரியாவிட்டால் 14416 என்ற இலவச எண்ணை அழையுங்கள். இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொல்கிறவர் யாராக இருந்தாலும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்.