பள்ளிக் கணினியும் வீட்டுக் கணினியும்

கேரளத்தின் நெய்யாற்றின்கரை வட்டத்தில் உள்ள ஊர் கோட்டுகால். அம்மாநில அரசுப் பள்ளி மாணவர்கள் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளத்தில் கணினி கற்கின்றனர். அரசின் 'கைட்' நிறுவனம் அதனை வழங்குகிறது. உரிமக் கட்டணம் இல்லை. வீடு திரும்பும் மாணவர்களுள் பலரோ, உரிமம் பெறாமல் படியெடுத்த பழைய விண்டோஸையே பயன்படுத்துகின்றனர். இது நன்றன்று.

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டி, அவற்றைத் திறக்கப் பணம் கேட்டது. கேரளத்தின் சில ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அதற்கு இரையாயின. அது விண்டோஸின் குறையொன்றின் வழியே நுழைந்தது. அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. புதுப்பிக்கப்படாத கணினிகளே பெரும்பாலும் வீழ்ந்தன.

ஆகவே, பள்ளியில் பழகிய இயங்குதளத்தை வீட்டிலும் நிறுவுவது நன்று. அதில் வேண்டிய மென்பொருள்களை நம்பத்தக்க களஞ்சியத்திலிருந்தே பெறலாம். கடவுச்சொல் இன்றி அமைப்பை மாற்ற இயலாது. ஆயினும், லினக்ஸைத் தாக்கும் தீநிரல்களும் உண்டு. எந்த இயங்குதளமாயினும், அதனை உடனுக்குடன் புதுப்பித்தல் வேண்டும். அறியாதவர் அனுப்பிய இணைப்புகளைத் திறத்தல் கூடாது. கோப்புகளுக்குத் தனி வட்டில் படி வைத்தல் வேண்டும். கதவை மாற்றினால் மட்டும் போதாது, தாழிடவும் வேண்டும்.